மருத்துவமனை அருகில் இருக்கிறது என்னும் ஆறுதல்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் கிடக்கும் எல்லைக் கிராமங்களிலும், படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் உரைக்கின்ற ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆஸ்பத்திரிகள் இவ்வளவு சமீபத்தில் இருக்கையில், திடீர் வியாதிக்கும் விபத்துக்குமாக வீட்டில் முன்னேற்பாடு செய்து வைப்பது வீண் வேலை என்பதே அது. இந்த அபிப்பிராயம் தவறானது. பிராணஹானி விளைவிப்பதும் ஆகும். காரணங்களைச் சொல்லுகிறேன்.

முதற்கண் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்துரைப்பது நியாயம். நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாறசாலையில் தாலூக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. காரக்கோணத்தில் டாக்டர் சாமர்வெல் பெயரால் விளங்கும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் குழித்துறையில் அரசு மருத்துவமனையும், மார்த்தாண்டத்தில் தனியார் மருத்துவமனைகள் பலவும், அதற்கும் தெற்கே 1838-ஆம் ஆண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே தொடங்கிய நெய்யூர் வைத்தியசாலையும் உள்ளன. வடக்கே போனால் 1951 முதல் இயங்கிவரும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும், அதே வளாகத்தை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் இருக்கின்றன. பாரத தேசத்தின் கிராமப்புறங்களில் இத்தனை வைத்திய வசதி வாய்த்த பிரதேசங்கள் மிகச் சிலவே. இதற்கு மேல் 108 என்று மூன்று எண்களை அழுத்தினால் காசில்லாமல் வண்டி வருகிறது. இப்படியிருக்க, பயிற்சியில்லாத வீட்டார் நோயாளியின் மேல் கைவைத்துக் காலத்தைக் கழிப்பதைவிட, கிடைத்த ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதானே விவேகம்? மேலும், வராத ஆபத்தை வா என்று அழைப்பதுபோல அதற்கெனப் பையும் காகிதமும் தயாரித்து வைப்பது அமங்கலமல்லவா? இவ்வாறு கேட்பவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையே. அவற்றிலிருந்து அவர்கள் எட்டும் முடிவுதான் பிழை.

1. எது அருகில் இருக்கிறது, எதற்கு அருகில் இருக்கிறது? தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது சாலைக்குப் பொருந்தும், நோய்க்குப் பொருந்தாது. இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவருடைய மூளை, ரத்த ஓட்டம் இன்றி ஏறத்தாழ 4 நிமிஷங்களில் சேதமடையத் தொடங்குகிறது. மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடச் செய்வார் யாரும் இல்லாவிடில், கழிகின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவர் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. பாறசாலை தாலூக்கு ஆஸ்பத்திரியின் மதிலுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவரைக்கூட 4 நிமிஷங்களில் எழுப்பி, தூக்கி, வண்டியேற்றி, இறக்கி, வைத்தியரின் கையில் ஒப்படைத்துவிட முடியுமா? முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். அப்படியானால் முதல் 10 நிமிஷம் வைத்தியருக்குரியதன்று, வீட்டாருக்குரியது. அந்தப் 10 நிமிஷத்தை வீட்டார் ஏற்க மறுத்தால் அதை ஏற்க வேறொருவர் இல்லை.

இன்னும் ஆழமான ஒரு சாட்சியம் உண்டு. 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில், இதயத்துக்கு ரத்தம் தடைப்பட்டு வந்துசேர்ந்த 25,748 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை இருதய வைத்தியர்கள் திரட்டினார்கள். ரத்தக்குழாய் முற்றிலும் அடைபடுகின்ற கடுமையான மாரடைப்புக்காரர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர், நோய்க்குறி தோன்றி 6 மணி நேரத்துக்குப் பின்னரே ஆஸ்பத்திரியை அடைந்தார்கள் என்பதும், அவ்வாறு பிந்தி வந்தவர்களுக்குக் கேடு அதிகம் நேர்ந்தது என்பதும் அதில் வெளியாயின. ஆஸ்பத்திரி எங்கோ இருக்கும் மலைநாட்டிலோ பாலைவனத்திலோ நிகழ்ந்ததன்று இது. ஆஸ்பத்திரிகள் நெருங்கி நிற்பதாக நாம் பெருமை கொண்டாடும் இதே ராஜ்யத்தில் நிகழ்ந்தது. அருகாமை ஒன்றே போதுமானதென்றால் இந்த 6 மணி நேரம் எங்கே போயிற்று? பெரும்பகுதி வீட்டில்தான் போயிற்று என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நெஞ்சு கனக்கிறது என்றவருக்கு அது ‘கியாஸ்’ என்று தீர்ப்புச் சொல்லி, சீரகவெள்ளமும் சோடாவும் கொடுத்து, தைலம் தேய்த்து, விடியட்டும் பார்ப்போம் என்று படுக்கவைத்த இரவுகளில் அது போயிற்று. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, எப்பொழுது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணமே இந்தத் தாமதத்தை வளர்க்கிறது.

2. வண்டி வந்துவிடும் என்கிறீர்கள். எந்த இடத்துக்கு வரும்? கேரளத்தின் ‘கனிவ் 108’ சேவை 2019 செப்டம்பரில் தொடங்கியது. அதன் ஊழியர்கள் ஆற்றும் தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 3 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு 300-க்குச் சற்று அதிகமான வண்டிகள் என்னும் கணக்கில், உங்கள் அழைப்பு வரும் கணத்தில் மிக அருகிலுள்ள வண்டி வேறொரு நோயாளியோடு மெடிக்கல் காலேஜை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். அங்கே செல்ல பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். நடுவே அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய நெரிசல்களைக் கடந்தாக வேண்டும். கரமனை–களியக்காவிளைச் சாலையை அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்காகத் துண்டு துண்டாக நடந்துவருவதை அவ்வழியே போகும் பஸ் பிரயாணிகள் அனைவரும் அறிவார்கள்.

சரி, வண்டி ஓய்வாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகள் தஞ்சாவூர்க் கிராமத்து அக்கிரகாரம்போலத் தெருவில் வரிசையாக நிற்பவை அல்ல. ரப்பர் மரங்களுக்கும் மரச்சீனிக்கும் இடையே, ஒவ்வொன்றும் தன்தன் விளைக்குள் ஒதுங்கி, ஏற்றமும் இறக்கமுமான நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. பஞ்சாயத்து அடித்த வார்டு எண்ணைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்கும் ஓட்டுநர் கிடையாது. பெரிய வண்டி நுழையாத இடைவழிகளும், கல்லில் வெட்டிய படிகளும் எத்தனையோ வீடுகளுக்கு உண்டு. இந்த நிலைமையில், அழைத்தவர் பதற்றத்தில் ‘எங்கள் வீட்டுக்கு வாருங்கள்’ என்று அழுவதற்கும், ‘ஊரம்பு ஜங்ஷனிலிருந்து இந்தத் திசையில், இன்ன பள்ளிக்கூடத்தைத் தாண்டி இடப்பக்கம் இரண்டாவது இறக்கம், விளக்கோடு ஆள் நிற்கும்’ என்று ஒரே மூச்சில் சொல்வதற்கும் இடையே கால்மணி நேரம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை ஆபத்து வேளையில் புதிதாக இயற்ற ஒருவராலும் இயலாது. அது முன்கூட்டியே எழுதப்பட்டு, தொலைபேசி இருக்கும் சுவரில் ஒட்டப்பட்டு, வீட்டுக் குழந்தைக்கும் மனப்பாடமாகி இருக்க வேண்டும்.

எல்லையோரத்து மக்களுக்கு இதில் ஒரு விசேஷச் சிக்கலும் இருக்கிறது. 108 என்பது இரு ராஜ்யங்களுக்கும் பொதுவான எண். தமிழ்நாட்டில் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. கைபேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்கிறதோ, அழைப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரக்கூடும். இஞ்சிவிளையிலோ பனச்சமூட்டிலோ நின்று அழைப்பவர் தம் கிராமத்தின் பெயரை மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் அதைத் தம் ராஜ்யத்தின் பட்டியலில் தேடிக்கொண்டிருப்பார். ஆகையால் ராஜ்யம், ஜில்லா, தாலூக்கா என்ற வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதையும் எத்தனை வீடுகளில் பேசிவைத்திருக்கிறார்கள்?

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் சம்பாதிக்கிறார்கள். வீட்டில் எழுபது கடந்த தம்பதிகள் இருவர். இரவு 2 மணிக்குக் கணவர் குளியலறையில் விழுந்தால், கதவு உட்புறம் தாழிட்டிருக்கிறது, இரும்புக் கேட்டின் சாவி எங்கோ தொங்குகிறது, நாய் அவிழ்ந்து நிற்கிறது, அம்மையாருக்கோ கண்ணாடி இல்லாமல் எண்கள் தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டரில் இருந்தால் என்ன, பத்து கிலோமீட்டரில் இருந்தால் என்ன? குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து திறக்கும் தாழ், அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி, பெரிய எழுத்தில் எழுதிய நான்கு எண்கள், இரவில் எழுந்து வரச் சம்மதித்த ஆட்டோக்காரர் ஒருவர். முன்னேற்பாடு என்று நான் சொல்வது இவ்வளவே.

3. ‘பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு’ என்பது புத்திமதியாகுமா? எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாதவனுடைய ஓட்டம், நோயாளியைத் தப்பான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். முகம் ஒருபுறம் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால் அது மூளைத்தாக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய்க்குறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்கேன் இல்லாத சிறு நர்ஸிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கும் ஒவ்வொரு மணியும் திரும்பப் பெற முடியாத நஷ்டம். அதைவிட முக்கியம், வைத்தியர் கேட்கும் முதற்கேள்வி: கடைசியாக இவர் நன்றாக இருந்ததை யார், எப்பொழுது பார்த்தீர்கள்? கடிகாரத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றாத வீட்டிலிருந்து வருபவருக்கு, மருந்து இருந்தும் செலுத்த இயலாமற் போகலாம்.

பாம்புக்கடி இதைவிடத் தெளிவான உதாரணம். வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவர்களுக்கு இது தினசரி அபாயம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவாக ஒரு மாற்றுமருந்து இருக்கிறது. ஆனால் அது எல்லா வைத்தியசாலையிலும் இராது. கட்டுவிரியனின் விஷம் மூச்சை நிறுத்துமாகையால் மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் வேண்டும். நம் தோட்டங்களில் காணப்படும் கூர்மூக்கு விரியனுக்கோ அந்தப் பொதுமருந்து பயன்படுவதில்லை; சிறுநீரகத்தைக் கவனித்து இரத்தசுத்தி செய்யும் வசதியுள்ள இடமே தேவை. இந்த வசதிகளெல்லாம் எங்கே உண்டென்று கடிபட்ட பின்பு விசாரிக்கத் தொடங்குவது நியாயமா? 2019 நவம்பரில் வயநாட்டு சுல்தான் பத்தேரியில் வகுப்பறையிலேயே பாம்பு கடித்த பள்ளிச் சிறுமி இறந்ததும், தாமதத்தைக் குறித்து ராஜ்யமெங்கும் கொந்தளிப்பு எழுந்ததும் நினைவிருக்கும். தாலூக்கு ஆஸ்பத்திரி இருந்த ஊர்தான் அது.

அடுத்த ராஜ்யத்து ஆஸ்பத்திரியை நம்பியிருப்போர்க்கு மற்றொரு பாடமும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம் தலப்பாடியில் சாலையை மூடியபோது, காலங்காலமாக மங்களூரையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் எல்லையில் தடுக்கப்பட்டார்கள்; சிலர் உயிரிழந்தார்கள்; உயர்நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. குழித்துறையையும் மார்த்தாண்டத்தையும் தம் ஆஸ்பத்திரிகளாகவே கருதும் பாறசாலைக் குடும்பங்கள், இரண்டாவது வழி ஒன்றையும் யோசித்து வைத்திருப்பது அவசியம்.

4. ‘தெரியாதவர் கைவைத்தால் விபரீதம்’ என்னும் வாதமே எதிர்க்கட்சியின் மிகப் பலமான ஆயுதம்; ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை கூற வேண்டும். வீட்டார் ஒன்றும் செய்யாமல் கைகட்டி நிற்பார்கள், நோயாளி பத்திரமாக ஆஸ்பத்திரி சேர்வார் என்று இவ்வாதம் கற்பனை செய்கிறது. நடப்பது அதுவன்று. வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். பல்லுக்கிடையில் கரண்டியை நுழைக்கிறார்கள். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டி, ரத்தம் ஓடாமல் அழுக வைக்கிறார்கள், பிளேடால் கீறுகிறார்கள். நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புகிறார்கள். சர்க்கரை குறைந்து நினைவிழந்தவர் வாயில் பானகத்தை ஊற்றி, அது நுரையீரலுக்குள் இறங்கச் செய்கிறார்கள். அறியாமை சும்மா இருப்பதில்லை. அது மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஆகையால் செய்வதா, சும்மா இருப்பதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. கற்றுக்கொண்டு செய்யப்போகிறோமா, கல்லாமல் செய்யப்போகிறோமா என்பதே இங்குள்ள கேள்வி.

கற்க வேண்டியதுதான் எவ்வளவு? வலிப்புக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் நேரத்தைக் குறிக்க வேண்டும். 5 நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தவரை நடக்கவிடாமல், கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். நாய்க்கடியைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இது வெறும் புத்தக விஷயம் அன்று: 2016 ஆகஸ்டில் நம் நெய்யாற்றின்கரைத் தாலூக்காவின் புல்லுவிளைக் கடற்கரையில் ஒரு மூதாட்டியைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. இதயம் நின்றவரின் மார்பு நடுவே இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது. ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியவை இவை.

சாதாரண ஜனங்களால் இது ஆகுமா என்று ஐயுறுபவர்கள் டென்மார்க் தேசத்தைப் பார்க்கட்டும். அங்கே 2005 முதல் பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு முதல் வாகன உரிமம் பெறுவோர்க்கும் இப்பயிற்சி கட்டாயமாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில், பக்கத்தில் நின்றவரால் மார்பழுத்தம் பெற்றோர் 2001-இல் நூற்றுக்கு 21 பேர். 2010-இல் 45 பேர். அதே காலத்தில் 30 நாள் கடந்து பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 3.5-லிருந்து 10.8 ஆக உயர்ந்தார்கள். வைத்திய முன்னேற்றத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கடைக்காரரும் தச்சரும் பள்ளி மாணவியும் கைவைத்ததனால் அந்த தேசத்தில் சாவு பெருகவில்லை என்பது திண்ணம்.

5. அமங்கலம் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தவுடன் என்ன செய்தீர்கள்? துணிகளை மடித்துப் பையில் வைத்தீர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரே உறையில் சேர்த்தீர்கள், காருக்குச் சொல்லிவைத்தீர்கள், கையில் பணம் வைத்தீர்கள், அவளுடைய ரத்த வகை உள்ள இரண்டு பேரைத் தேடி வைத்தீர்கள், இரவில் யார் கூடப் போவது என்று தீர்மானித்தீர்கள். இதை எந்தப் பாட்டியும் அபசகுனம் என்று தடுக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னர் பிரசவம்தான் வீடுகளில் மிகப் பெரிய மரணபயமாக இருந்தது. இன்று கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில் நிகழ்கின்றன. 2018–20-ஆம் ஆண்டுகளின் கணக்கில், லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, கேரளத்தில் 19. வைத்தியரும் செவிலியரும் ஆஷா ஊழியரும் உழைத்த உழைப்போடு, குடும்பங்கள் முன்கூட்டியே தயாராக இருந்ததும் சேர்ந்தல்லவா இந்தப் பலன் விளைந்தது? மகளுக்கு மங்கலமாக இருந்த அதே பையும் உறையும், எழுபது வயதுத் தகப்பனாருக்கு வைத்தால் மட்டும் அமங்கலமாகிவிடும் யுக்தி எனக்கு விளங்கவில்லை.

6. சாலையில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்கு ஆதாரம் போய்விட்டது. எந்த வைத்தியரும் சட்டச் சடங்குகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1989-இலேயே விதித்தது. உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளுக்கு 2016-இல் சட்டவலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு சேர்ந்தது. களியக்காவிளைக்கு அப்பால் விபத்து நேர்ந்தால், அடிபட்டவர் எந்த ராஜ்யத்தவராயினும், தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டம் வரையறுத்த தொகை வரை, இலவசம். இவற்றை அறிந்தவன் தயங்காமல் தூக்குவான். அறியாதவன் கூட்டத்தில் நின்று பார்ப்பான்.

7. ‘கூலி வேலைக்காரனுக்கு இதற்கெல்லாம் பணமும் அவகாசமும் ஏது?’ இக்கேள்வியை இரக்கத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் முன்னேற்பாடு இல்லாமையால் அதிகம் நஷ்டப்படுகிறவன் அந்தக் கூலிக்காரனே. நள்ளிரவில் ரேஷன் கார்டையும் காருண்யா காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் தேடிக் கிடைக்காமல், வட்டிக்குப் பணம் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுபவன் அவன். அந்தக் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும். பெட்டிக்கடியில் கிடந்தால் ஒரு காசும் தராது. எல்லைக்கு அப்பாலிருந்து மணமாகி வந்தவளின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டிலா இங்குள்ள காருண்யாவிலா என்பதை ஆபத்து நேர்ந்தபின் ஆராய முடியாது. மற்றபடி வேண்டுவன ஒரு தாள்: பெயர், வயது, உள்ள வியாதிகள், தினமும் உண்ணும் மாத்திரைகளின் பழைய அட்டைகள், ஒவ்வாத மருந்து, ரத்த வகை, மூன்று தொலைபேசி எண்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

இந்தத் தாளைத் தயாரிக்க ஒரு மாதத்து அயற்கூட்டம் போதும். குடும்பஸ்ரீப் பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள். ஆஷா ஊழியர் ஒவ்வொரு வீட்டையும் அறிவார். தாலூக்கு ஆஸ்பத்திரியின் செவிலியர் ஒருவர் வந்து தலையணையின் மேல் மார்பழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கலாம். பாறசாலை, குன்னத்துகால், காரோடு, குளத்தூர் பஞ்சாயத்துகளை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அந்தத் தாளையும், 108-க்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும், பாம்புமருந்து எங்கெங்கே உண்டு என்னும் பட்டியலையும் மலையாளத்தோடு தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வரையிலான நான்கு தாலூக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கம் நின்றன. அரசோடு தம் மொழியில் எழுத்துப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு இடம் தந்திருக்கிறது. மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்க வராத மூதாட்டிகள் இன்றும் இவ்வீடுகளில் இருக்கிறார்கள். இரவு 2 மணிக்குத் தொலைபேசியை எடுக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.